மேலுதட்டைத் தூக்கிக் காட்டு

மார்பைப் பெரிதாக்கிக்கொள்ள வருகிறவர்களிடம் நான் முதலில் மார்பைப் பற்றிக் கேட்பதில்லை. "மேலுதட்டைத் தூக்கிக் காட்டு" என்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர், பல் டாக்டரிடம் மாறி வந்துவிட்டோமோ என்று கதவைத் திரும்பிப் பார்ப்பார்கள். பத்தொன்பது வருடமாக இந்த கிளினிக்கில் நர்ஸ் நான். இப்போது யேவ்லெ ஊரில் ஷெஷ்டின் என்று என் பெயரைச் சொன்னால், "உதடு பார்க்கிற அந்தப் பொம்பளையா?" என்று கேட்கிறார்களாம். கேட்கட்டும், எனக்கென்ன.

காரணம் இல்லாமல் செய்யவில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண்ணிடம் படிவத்தில் இருந்தபடியே, "புகை பிடிப்பாயா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். இல்லை என்று எழுதிக்கொண்டேன். அவள் பொய் சொல்லவில்லை. அவள் போட்டது ஸ்னூஸ். வட்டமான டப்பாவில் புதினா வாசனையோடு சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள். ஒன்றை எடுத்து மேலுதட்டுக்கு உள்ளே செருகிக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு ஓடும். புகை கிடையாது, நாற்றம் கிடையாது. எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் கைப்பையில் அது இருக்கும், ஒருத்திகூட அதைக் கெட்ட பழக்கம் என்று கணக்கில் எடுக்க மாட்டாள். ஆனால் உள்ளே இருப்பது நிகோடின். அது ரத்தக் குழாயைச் சுருக்கும். சுருங்கினால் தைத்த இடத்துக்கு ரத்தம் போகாது. பன்னிரண்டாம் நாள் அந்தப் பெண்ணின் தையல் பிரிந்துகொண்டது. உள்ளே வைத்ததை வெளியே எடுத்தோம், கூடவே அழுகிப்போன சதையையும். டாக்டர் தீத்ரிக் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் உதட்டைப் பார்க்காமல் யாரையும் உள்ளே விட்டதில்லை.

தில்டா போன அக்டோபரில் வந்தாள். வயது முப்பத்தொன்று. துறைமுகத்தில் பெரிய கிரேன் ஓட்டுகிறவள். தோள் இரண்டும் திண்ணென்று இருந்தது. கூட அவள் அக்கா சன்னா. தில்டா பேச வேண்டியதையெல்லாம் சேர்த்துச் சன்னாவே பேசினாள்.

"உதடு பாக்குற ஆள் நீதானா?" என்றாள் சன்னா, உட்காருவதற்கு முன்னாலேயே.

"நான்தான். உன்னோடது வேண்டாம், இவளோடதக் காட்டச் சொல்லு."

தில்டா உதட்டைத் தூக்கினாள். உள்ளே ஒரு பொட்டலம் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

"அடிப் பாவி! இங்க வரும்போதுமா?" என்று சன்னா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கிரேன் மேல தனியா எட்டு மணி நேரம் உக்காந்து பாரு, அப்ப தெரியும்" என்றாள் தில்டா. அதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை.

"ஆபரேஷனுக்கு ஆறு வாரம் முன்னால நிறுத்தணும், பின்னால ஆறு வாரம் தொடக் கூடாது" என்றேன். "பாதியாக் குறைச்சேன், கடைசி வாரம் விட்டேன், அந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேண்டாம். முடியுமா, முடியாதா?"

"முடியும்."

"சரி, மேல் சட்டையக் கழட்டு."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கழற்றினாள். பிராவுக்குள்ளிருந்து, நிரப்புவதற்காக வைத்திருந்த ஜெல் அட்டை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிறகு திரும்பினாள். இடது பக்கம் நிறைவாக, சாதாரணமாக இருந்தது. வலது பக்கம் பன்னிரண்டு வயதிலேயே நின்றுபோயிருந்தது. இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன், எனக்கு இது பெரிய விஷயமில்லை. அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அவள் கை தானாக மேலே போய் மறைத்த வேகத்தில் தெரிந்தது.

"எனக்கே போன மாசம்தான் சொன்னா" என்றாள் சன்னா. குரல் இறங்கிவிட்டது. "முப்பத்தொரு வருஷமாக் கூடப் பொறந்தவ நான். ஸ்கூல்ல விளையாட்டு முடிஞ்சா எல்லாரும் ஒண்ணாத்தானே குளிப்போம்? இவ மட்டும் தினம் ஒரு வயித்து வலி. நான் சோம்பேறின்னு திட்டியிருக்கேன்."

எங்கள் நாட்டில் இதை மறைத்து வாழ்வது லேசுப்பட்ட வேலை இல்லை. நீச்சல் குளத்துக்குப் போனால், தண்ணீரில் இறங்குமுன் ஒட்டுத் துணி இல்லாமல் எல்லோரும் ஒன்றாக நின்று சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். சுவரிலேயே பலகை மாட்டியிருக்கும். நீச்சல் உடையோடு ஷவரில் நிற்பவளைத்தான் அசிங்கமாகப் பார்ப்பார்கள். தில்டா பதின்மூன்று வயதுக்குப் பிறகு நீச்சல் குளம் பக்கமே போனதில்லை. அக்காவைத் தவிர, குழந்தையின் அப்பா ஒருவனுக்குத்தான் தெரியுமாம். அவன் வடக்கே கிருனாவில் சுரங்க வேலை, எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவான். ஐந்து வயது மகள் லோவாவுக்குக்கூடத் தெரியாது.

"இப்ப என்ன திடீர்னு?" என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதான். புருஷன் சொன்னான், சிநேகிதி செய்துகொண்டாள் என்று யாராவது சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

"ஜனவரியில லோவாவுக்கு நீச்சல் வகுப்பு. அஞ்சு வயசுப் பிள்ளைங்களோட பெரியவங்க யாராவது ஷவருக்குள்ள போகணும்" என்றாள் தில்டா. "இவ கூட்டிட்டுப் போறதா இருந்துச்சு."

"எனக்கு கோதென்பர்க்ல வேலை மாத்தம்" என்றாள் சன்னா. "டிசம்பர்ல கிளம்புறேன்."

"நான் அந்த ரூமுக்குள்ள நடந்து போகணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்றாள் தில்டா. "அழகெல்லாம் வேண்டாம்."

அரசு மருத்துவமனையில் டேப் வைத்து அளந்து, இந்த வித்தியாசம் போதாது என்று அனுப்பிவிட்டார்களாம். அதனால் எங்களிடம் வந்திருக்கிறாள்.

நான் என் பாட்டைத் தொடங்கினேன். இனிப்புத் தடவிச் சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது.

"சிலிக்கான் பை ஆயுசுக்கும் இருக்காது. பத்து வருஷமோ பதினஞ்சு வருஷமோ, என்னைக்காவது திரும்ப வெட்டி மாத்தணும். சுத்தி உடம்பு ஒரு தோல் கட்டும்; சிலருக்கு அது கல்லா இறுகிடும். வலிக்கும். காம்புல உணர்ச்சி போகலாம், போனது வராமலும் போகலாம். இன்னொரு பிள்ளை வேணுமா?"

"தெரியல."

"அந்தப் பக்கம் பால் வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். புத்துநோய் இருக்கான்னு மார்பைப் படம் எடுக்கப் போனா, உள்ள பை இருக்குன்னு முதல்லயே சொல்லணும். ஆறு வாரம் லோவாவத் தூக்கக் கூடாது, கிரேன் ஏணியில ஏறக் கூடாது, மல்லாக்கத்தான் படுக்கணும். அப்புறம் முக்கியமா ஒண்ணு. ரெண்டும் அச்சுல வார்த்த மாதிரி வராது. கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்."

"யாருக்குத் தெரியும்?"

"உத்துப் பாக்குறவங்களுக்கு."

அவள் அதை யோசித்தாள். "ஷவர்ல உத்துப் பாப்பாங்களா?" என்று கேட்டாள். குழந்தை கேட்பதுபோல் இருந்தது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. "தெரியலம்மா, நான் உள்ள போனா என் முட்டி வலியப் பத்தித்தான் யோசிப்பேன்" என்றேன்.

வீட்டுப் பாடமும் கொடுத்தேன். பழைய நைலான் காலுறையில் அரிசியை அளந்து கொட்டி முடிச்சுப் போட்டு, வலது பக்கம் பிராவுக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வேலை பார்க்க வேண்டும். இரண்டு டெசிலிட்டர், அதாவது இருநூறு மில்லி, ஒரு நாள்; இரண்டரை ஒரு நாள். எது உடம்போடு ஒத்துப்போகிறதோ அதைச் சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று தேர்ந்தெடுத்தால் எல்லோரும் பெரிதாகத்தான் கேட்பார்கள். அரிசியைச் சுமந்தால் புத்தி வரும். விஷயமெல்லாம் கேட்ட பிறகு இரண்டு நாளாவது யோசித்துத்தான் சம்மதம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டு நாளுக்கும் அரிசி ஒரு வேலை கொடுக்கும்.

மூன்றாம் நாள் போன் செய்தாள்.

"ரெண்டே கால்" என்றாள். "ரெண்டரையோட ஏணி ஏற முடியல."

"நல்லது. அரிசி கொட்டலையே?"

"லோவா எடுத்துட்டா. அலமாரியில இருந்ததப் பாத்துட்டு, கிறிஸ்துமஸ் கஞ்சிக்கா ஒளிச்சு வச்சிருக்கேன்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன். காய்ச்சியும் குடுத்தாச்சு."

எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. நவம்பர் இருபத்தேழு என்று தேதி போட்டேன். அன்றிலிருந்து ஆறு வாரத்தில் உடம்பு தேறிவிடும்; ஜனவரி நடுவில் நீச்சல் வகுப்பு. விரல் விட்டு எண்ணிப் பார்த்து இரண்டு பேரும் திருப்திப்பட்டுக்கொண்டோம்.

நவம்பர் இருபத்தேழாம் தேதி காலை ஏழரைக்கு இருவரும் வந்தார்கள். வெளியே கும்மிருட்டு, பனி வேறு கொட்டியது. தில்டா உடை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். தீத்ரிக் வந்து நீல மையால் மார்பில் கோடு போட்டுவிட்டுப் போனார். பக்கத்து மேஜையில் சிலிக்கான் பை வந்த பெட்டி பிரிக்காமல் இருந்தது, இருநூற்று இருபத்தைந்து மில்லி. நான் ரத்த அழுத்தம் பார்த்தேன். நாடி தடதடவென்று ஓடியது. பயத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் ஓடும்.

"ஸ்னூஸ்?"

"இல்ல."

"எத்தன நாளா?"

"அன்னைக்கு இங்கேருந்து போனதிலேருந்து."

சட்டென்று சொன்னாள். மிகவும் சட்டென்று.

"மேலுதட்டைத் தூக்கிக் காட்டு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் நகரவில்லை. தூக்கினாள். பல்லுக்கு மேலே, எப்போதும் பொட்டலம் இருக்கும் இடத்தில், ஈறு வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஆறு வாரம் விட்டவளுக்கு அது ஆறிச் சிவந்திருக்க வேண்டும். பொட்டலத்தை அங்கிருந்து எடுத்து ஒரு ராத்திரிகூட ஆகியிருக்காது.

"எப்ப?"

"நேத்து" என்றாள் தில்டா. பிறகு, "கார்ல. இப்ப வரும்போது. பயமா இருந்துச்சு."

தீத்ரிக்கைக் கூப்பிட்டேன். அவர் பார்த்தார், கையுறையைக் கழற்றினார், இன்றைக்கு வேண்டாம் என்றார். அடுத்த இடம் ஏப்ரல் பதினாலுக்குத்தான் இருந்தது.

சன்னா எழுந்தாள் பாருங்கள், அறையே அதிர்ந்தது. "ஏப்ரலா? அப்ப நீச்சல் வகுப்பு? ஒரே ஒரு பொட்டலத்துக்கா இந்த ஆட்டம்? கோடு போட்டாச்சு, பொட்டி வந்தாச்சு, பேசாம செஞ்சு விட வேண்டியதுதானே!"

நான் அந்தப் பழைய பெண்ணைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டாம் நாளைப் பற்றி, வெளியே எடுத்ததைப் பற்றி, கேள்வியை அரைகுறையாகக் கேட்டது நான்தான் என்பதை. மற்றவர்களிடம் இதை நான் சொன்னதில்லை.

சன்னா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஓஹோ. உன் பழைய பாவத்துக்கு என் தங்கச்சி பரிகாரமா?"

சுருக்கென்றது. ஏனென்றால் அதில் எவ்வளவு நிஜம் என்று எனக்கே தெரியவில்லை.

தில்டா கத்தவில்லை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மார்பில் இருந்த நீலக் கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது லேசில் போகாது. தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்தது. "நான் கேட்டது ஒரு ரூமுக்குள்ள நடந்து போறது" என்றாள். "அது உனக்குப் பெருசாத் தெரியல." ஜெல் அட்டையை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். சன்னா கதவை அறைந்து சாத்தினாள்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தீத்ரிக் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பாக்காம விட்டிருந்தா நான் செஞ்சிருப்பேன்" என்றார். "நல்லாவே ஆயிருக்கலாம். அநேகமா ஆயிருக்கும்."

"ஆறுதல் சொல்றியா, குத்திக் காட்டுறியா?"

"ரெண்டும் இல்ல. நடந்ததச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அவர் காபியைக் குடித்தார். இந்த மனிதரோடு குப்பை கொட்டி என் தலைமுடி பாதி நரைத்துவிட்டது.

ஜனவரி வந்தது. நீச்சல் வகுப்பு தொடங்கும் சனிக்கிழமை அன்று எனக்கு விடுமுறை. துணி துவைத்துக்கொண்டே பத்து மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றுக்கும் பார்த்தேன். ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக் குழந்தையை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பாள், குழந்தை அழுதிருக்கும், என்னைத் திட்டியிருப்பாள் என்று நானே கதை கட்டினேன். அவள் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

மார்ச் முதல் வாரம், ஏப்ரல் ஆபரேஷனுக்கு ஆறு வாரம் முன்னால், மறு பரிசோதனைக்குத் தில்டா வந்தாள். தனியாக வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் கேட்காமலே உதட்டைத் தூக்கினாள். ஈறு சிவந்து, சுத்தமாக இருந்தது.

"எப்பலேருந்து?"

"ஜனவரி பதினேழு."

"கஷ்டமா இருந்துச்சா?"

"முதல் ரெண்டு வாரம் கன்டெய்னர் மேல கன்டெய்னரப் போட்டு ஒடச்சிருப்பேன். இப்ப தேவலை."

படிவத்தைத் தள்ளிவைத்தேன். இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டே தீர வேண்டும். "லோவாவ நீச்சலுக்கு யாரு கூட்டிட்டுப் போறா?"

"நான்தான்."

"நீயா?"

"வேற ஆள் யாரு இருக்கா? சன்னா போயாச்சு. லோவா அப்பா சுரங்கத்துல. வகுப்பு இருக்குன்னு லோவா ஒரு மாசமா வீட்டுக்குள்ளயே நீச்சல் கண்ணாடிய மாட்டிக்கிட்டுத் திரியுறா. என்னன்னு சொல்லி நிறுத்துறது?" தில்டா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு முகம். "வாசல் வரைக்கும் போயிட்டுக் கார்லயே இருபது நிமிஷம் உக்காந்திருந்தோம். அப்புறம் போனோம். கழட்டி வச்சேன், எல்லாத்தையும். அட்டையையும். ஷவர்ல ஆறு பொம்பளைங்க. நான் சுவத்தப் பாத்து நின்னேன். லோவா சோப்பு வேணும்னு என்னைச் சுத்திக்கிட்டு முன்னால வந்துட்டா."

"பாத்துட்டாளா?"

"பாத்தா. நல்லா, நிதானமாப் பாத்தா. அவளுக்கு மெதுவாப் பேசவே வராது, ஓடு போட்ட ரூம் வேற, கணகணன்னு கேக்குது. 'அம்மா, அந்த இன்னொண்ணு எப்ப வளரும்?'"

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"எல்லாத் தலையும் திரும்பிடுச்சு ஷெஷ்டின். ஆறு தலையும். எனக்கு ஓடிடலாம்னு இருந்துச்சு. ஆனா அவ பதிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறா."

"நீ என்ன சொன்ன?"

"'ஏப்ரல் பதினாலு. காலைல ஏழரைக்கு'ன்னேன்."

எனக்குச் சிரிப்புப் பீறிட்டு வந்தது. அவளும் சிரித்தாள்.

"அந்த ரூமே சிரிச்சுச்சு" என்றாள். "பக்கத்துல தலைக்குத் தேச்சுக்கிட்டு இருந்தவ, எந்த டாக்டருன்னு கேட்டா. லோவா 'சரி'ன்னுட்டுச் சோப்ப எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் ஆறு சனிக்கிழமை போயாச்சு. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினியில் அவள் பக்கத்தைத் திறந்தேன். தேதி அங்கே அப்படியே இருந்தது. கேட்க வேண்டியது என் வேலை, அதனால் கேட்டேன். "அப்ப பதினாலாம் தேதி? வைக்கவா, எடுக்கவா?"

"வையி. எனக்கு வேணும்" என்றாள் தில்டா. கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள், கதவுக் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றாள். "ஆனா யாராவது ரொம்பத் தவிச்சுக்கிட்டு வந்தா, அவங்கள எனக்கு முன்னால போட்டுடு. எனக்கு அவசரமில்ல."